விண்டோஸில் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர்: சாவியை எங்கே வைப்பது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்

மாடியில் உட்கார்ந்து லேப்டாப்பிலிருந்தே கீழே இருக்கும் விண்டோஸ் 11 டெஸ்க்டாப்பில் வேலை பார்க்க வேண்டும் என்றுதான் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரைப் போட்டேன்; வேறொரு கணினியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்க வழிசெய்யும் மென்பொருள் அது. முன்பெல்லாம் இதற்கு லினக்ஸ் கருவிகளை விண்டோஸில் ஓட்டவைக்கும் சிக்வின்னை இறக்கி மல்லுக்கட்டுவோம்; 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் விண்டோஸோடு சேர்ந்தே கிடைக்கிறது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய்த் தேடி ஒரு டிக் அடித்தால் போதும், காசு கிடையாது, ஃபயர்வாலில் எஸ்எஸ்எச் இணைப்பு வந்து சேரும் 22-ஆம் போர்ட்டுக்கான விதியையும் அதுவே எழுதிக்கொள்கிறது. சர்வீஸை மட்டும் நாம்தான் ஸ்டார்ட் செய்து, ஆட்டோமேட்டிக் என்று மாற்றி வைக்க வேண்டும்.

பாஸ்வேர்டு போட்டு உடனே உள்ளே போய்விட்டேன். பாஸ்வேர்டுக்குப் பதிலாக நம்மை அடையாளம் காட்டும் சாவியில்தான் (ரகசியச் சாவி லேப்டாப்பில், அதன் ஜோடியான பொதுச் சாவி சர்வரில்) ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. லினக்ஸில் பழகிய கை, யூசர் ஃபோல்டரில் இருக்கும் ஆதரைஸ்டு_கீஸ் ஃபைலில் பொதுச் சாவியை ஒட்டினேன், எத்தனை முறை முயன்றாலும் பாஸ்வேர்டுதான் கேட்டது. அப்புறம் புரோகிராம்டேட்டாவுக்குள் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் ஃபைலைக் கடைசி வரி வரை படித்தேன், அங்கே தெளிவாகவே இருக்கிறது: அட்மின் குழுவில் இருப்பவர்களுக்கு அதே ஃபோல்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்_ஆதரைஸ்டு_கீஸ் என்ற தனி ஃபைல். அந்த ஃபைலின் பர்மிஷனிலும் சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டு மட்டுமே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவியைக் கண்டுகொள்ளாது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. சாதாரண உரிமையில் ஓடும் ஏதோ ஒரு புரோகிராம் நம் யூசர் ஃபோல்டரில் சத்தமில்லாமல் ஒரு சாவியைச் சொருகி அட்மினாக நுழைய வழியில்லாமல் போகிறது.

சாவி வேலை செய்வதை உறுதி செய்துகொண்டு அதே கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் வரியை நோ என்று மாற்றி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். தயவுசெய்து 22-ஐ ரௌட்டரில் அப்படியே இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள், பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் பாட்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வாருங்கள்.

உள்ளே போனதும் வருவது பழைய கமாண்ட் பிராம்ப்ட், பவர்ஷெல் வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரியில் டிஃபால்ட்ஷெல் என்று ஒன்றைச் சேர்க்க வேண்டும். மேக்கில் ஷேரிங் பக்கத்தில் ரிமோட் லாகினை ஆன் செய்வதோடு சரி, உபுண்டுவில் ஒரே ஆப்ட் கட்டளை. அந்த எளிமை இங்கே இல்லை. ஆனாலும் போட்டு முடித்த நாளிலிருந்து ஃபைல் அனுப்புவதற்குக்கூட இதே எஸ்எஸ்எச் வழியாகப் போகும் எஸ்எஃப்டிபிதான், பென்டிரைவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவதில்லை.