18,500 வெள்ளி போச்சு: அடுக்குமாடி ரெனோவேஷன் ‘பேக்கேஜ்’ எடுக்கப் போறவங்க படிச்சிட்டுப் பணம் கட்டுங்க

மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங், ஜென்ஜாரோம், தெலுக் பங்ளிமா காராங் பக்கம் அடுக்குமாடி வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ஒரு குடும்பம் வீட்டு ரெனோவேஷனுக்குக் கட்டிய 18,500 வெள்ளி (ரிங்கிட்) போயிருக்கிறது. வேலை முடியவில்லை, பணம் திரும்பவில்லை, கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது. போலீஸ் புகார் கொடுத்தாகிவிட்டது, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போகிறது, அதனால் கடைப் பெயரைப் போடவில்லை. எந்த மாதிரிக் கடை என்று மட்டும் சொல்கிறேன். பெரிய டவுனில் பளபளப்பான ஷோரூம் இருக்கும். சமூக ஊடகத்தில் முப்பரிமாணப் படம் போட்டு, “முழு வீடும் ஒரே விலை, தீபாவளிக்குள்ள சாவி கையில” என்று விளம்பரம் வரும். நம் மாதிரி தோட்டப்புற ஊர்களில் ஈபிஎஃப் பணம் எடுத்து வீட்டைச் சரிபண்ண நினைப்பவர்களைத்தான் குறி வைக்கிறார்கள். வீடு செய்யப் போகிறவர் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நம்ப வைத்தது எப்படி என்பதை முதலில் சொல்ல வேண்டும். அளக்க வந்தவர் சும்மா டேப் பிடித்து அளந்துவிட்டுப் போகவில்லை. குளியலறைத் தரையை நாணயத்தால் தட்டிப் பார்த்தார். டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மேடு பள்ளத்தைக் காட்டினார். “அண்ணே, இந்த ஓடுங்களை மட்டும் மாத்தினா பத்தாது. கான்கிரீட் சிலாப் வரைக்கும் உடைக்கணும், ரெண்டு கோட் வாட்டர்ப்ரூஃபிங் அடிக்கணும், 24 மணி நேரம் தண்ணி கட்டி வச்சுப் பார்க்கணும்.” ஒவ்வொரு வார்த்தையும் சரி. வேலை தெரிந்தவர் பேசுகிற பேச்சு. பிறகு, “எங்கப்பாவும் கேரித் தீவு செம்பனைத் தோட்டத்துல வேலை செஞ்சவருதாண்ணே, நம்ம ஆளுங்களுக்கு நான் அப்படிச் செய்வேனா?” என்றார். மொத்தம் 32,000 வெள்ளி பேசி, அன்றைக்கே 10,000 முன்பணம் போனது. போனது கம்பெனிக் கணக்குக்கு இல்லை. “கம்பெனி அக்கவுண்டு அப்டேட் ஆகுது” என்று கொடுத்த ஒரு தனியாள் கணக்குக்கு.

அதன்பின் பெர்மிட்டுக்கும் குப்பை லோரிக்கும் 800. ஓடு, சிமெண்டு, வயர் வாங்க 5,200. கேபினட் ஃபேக்டரி புக்கிங் என்று 2,500. கூட்டிப் பாருங்கள், 18,500 வெள்ளி.

அவர்கள் கொடுத்த கொட்டேஷனில் “குளியலறை வாட்டர்ப்ரூஃபிங், ஓடு: 1 லாட்” என்று ஒரே வரி. எத்தனை சதுர அடி, என்ன வாட்டர்ப்ரூஃபிங் மருந்து, எத்தனை கோட், சுவரில் எவ்வளவு உயரம், எதுவும் கிடையாது. வாயால் சொன்னது எல்லாம் சரி, காகிதத்தில் எழுதியது எதுவும் இல்லை. ஏமாற்று நடக்கிற இடம் இந்த இடைவெளிதான். ‘லாட்’, அதாவது மொத்தமாக, என்று எழுதிவிட்டால் பிறகு எதைக் குறைத்தாலும் அவர்கள் செய்ததுதான் லாட்.

பெர்மிட்டைப் பாருங்கள். அடுக்குமாடியில் வேலை தொடங்கும் முன் மேனேஜ்மென்ட் ஆபீசில் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும், வைப்புத் தொகை கட்ட வேண்டும். 800 வெள்ளி வாங்கியவர்கள் விண்ணப்பமே கொடுக்கவில்லை. சுவர் உடைக்கும் சத்தம் கேட்டுக் காவலாளி மேலே வந்த பிறகுதான் இது தெரிந்தது. உடைத்த கல்லும் மண்ணும் மாடிப்படிக்குக் கீழே குவிந்து கிடந்தன.

இனிக் குளியலறை. 5 அடிக்கு 7 அடி, அதாவது 35 சதுர அடி. சுற்றுச் சுவரில் ஒரு அடி உயரம் மருந்து ஏற்ற வேண்டும், அது 24 சதுர அடி. ஆக 59 சதுர அடி, சுமார் 5.5 சதுர மீட்டர். சிமெண்டு வகை மருந்துக்கு இரண்டு கோட்டும் சேர்த்து சதுர மீட்டருக்கு 2 கிலோ என்று குறைத்துப் போட்டாலும் 11 கிலோ வேண்டும். குளிக்கிற பக்கச் சுவருக்கு 6 அடி வரை அடிக்க வேண்டும், அந்தக் கணக்கு தனி. மருந்து அடித்து முடிந்த பிறகு மூலையில் கிடந்தது ஒரே ஒரு 5 கிலோ டப்பா, அதிலும் அடியில் மிச்சம்.

தரை ஓடுகளை மட்டும் பெயர்த்தார்கள். அதன் அடியிலிருந்த பழைய ஸ்கிரீட் (சிமெண்டுச் சாந்துப் படலம்), ஏற்கெனவே தண்ணீர் குடித்து ஊறிப்போனது, அப்படியே இருந்தது. அதன் மேல் தூசியைக்கூடக் கழுவாமல் ஒரு கோட். தூசி மேல் அடித்த மருந்து பிடிக்காது, தோல் மாதிரி உரிந்து வரும். தரையும் சுவரும் சேரும் மூலையைச் சாந்தால் உருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மருந்து அந்த மூலையில்தான் முதலில் விரிசல் விடும். அதுவும் செய்யவில்லை. தண்ணீர் இறங்கும் ஃப்ளோர் டிராப்பைச் (தரை வடிகால் வாய்) சுற்றியும் மலக்குழாய் சிலாப்பைத் துளைத்துப் போகும் இடத்தைச் சுற்றியும் எதுவும் அடைக்கவில்லை. கசிவு பெரும்பாலும் அந்தக் குழாய் ஓரத்திலிருந்துதான் இறங்கும். தண்ணீர் கட்டிப் பார்ப்பதாகச் சொன்ன 24 மணி நேரம்? மறுநாள் காலையிலேயே ஓடு ஒட்டிவிட்டார்கள்.

ஒட்டியதும் எப்படி? ஒவ்வொரு ஓட்டுக்கும் நான்கு மூலையில் நான்கு சாந்து உருண்டை, நடுவில் ஒரு உருண்டை. நடு இடமெல்லாம் காலி. தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். தண்ணீர் அந்த வெற்றிடத்தில்தான் தங்கும். தரைச் சரிவு 100க்கு 1 என்றாவது டிராப் பக்கம் இருக்க வேண்டும். இங்கே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் கதவுப் பக்கம் ஓடுகிறது. கீழ்வீட்டில் குழாயைச் சுற்றி வெள்ளி நாணயம் அளவு தொடங்கிய பழுப்புக் கறை இப்போது தட்டு அளவு ஆகிவிட்டது. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி, வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை கசிவு மேல்வீட்டிலிருந்து என்றே எடுத்துக்கொள்வார்கள். கசிவைச் சோதித்த பின் தரும் படிவம் 28 சான்றிதழில் மேல்வீட்டுக்காரர்தான் பொறுப்பு என்று வரும். உடைத்தவன் போய்விடுவான், சரிபண்ணும் செலவு வீட்டுக்காரர் தலையில். இந்த 18,500 வெள்ளி போக அதுவும் தனி.

வயரிங் விஷயத்தில் வருகிற கோபத்தை எழுத முடியவில்லை. வாட்டர் ஹீட்டருக்குத் தனி எம்சிபி (மின்சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச்), குறைந்தது 2.5 சதுர மி.மீ. கேபிள், 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் கருவி) இருக்க வேண்டும். கேபிளின் தோலிலேயே அளவு அச்சடித்திருக்கும். இங்கே போட்டதில் 1.5 என்று தெளிவாக இருக்கிறது. அதையும் குளியலறை விளக்கு லைனிலிருந்து இழுத்திருக்கிறார்கள். ஈரக் காலோடு குழந்தைகள் நிற்கும் இடம் அது. எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவான வயர்மேன் ஒருவரும் வந்ததில்லை.

ஹாலுக்கு 2 அடி ஓடு, 400 சதுர அடி. கழிவு 10 விழுக்காடு சேர்த்தால் 440. ஒரு பெட்டி 15.5 சதுர அடி, அப்போ 29 பெட்டி வேண்டும். இறங்கியது 16. அதிலும் பெட்டி மேல் இருக்கும் ஷேட் எண் இரண்டு விதம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று பால் வெள்ளை, ஒன்று லேசான மஞ்சள். கேபினட் வரவே இல்லை. கேபினட் அளவை ஓடு ஒட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும், சாந்தும் ஓடும் சேர்ந்து சுவர் முன்னுக்கு வந்துவிடும் என்பதால். ஓடு ஒட்டும் முன்பே “ஃபேக்டரி புக்கிங்” என்று பணம் கேட்டாலே சந்தேகப்படுங்கள்.

பிறகு சாக்குப்போக்கு. முதலில் “பொறுங்கண்ணே, ஆளு பத்தலை.” அப்புறம் “மழைக்காலம், சிமெண்டு காயல.” வீட்டுக்குள்ளே என்ன மழை? கசிவுப் படம் அனுப்பினால், “அது பழைய பைப்புப் பிரச்சினை, கொட்டேஷன்ல இல்ல.” ஷோரூமுக்குப் போனால் கவுண்டரில் இருக்கும் பெண், “அந்த சூப்பர்வைசர் நின்னுட்டாரு, பாஸ் வெளியூர்ல, மெசேஜ் போடுங்க.” மெசேஜ் போட்டால் நீல டிக் மட்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், “மீதி 13,500 கட்டுங்க, வேலை தொடரும்” என்று பதில். அண்ணே என்று அழைத்தவர் அப்போது “மிஸ்டர்” என்று எழுதினார். கடைசியாக அவர்கள் காட்டியது ரிசிட்டின் அடியில் இருக்கும் சின்ன எழுத்து: முன்பணம் திருப்பித் தரப்படாது. 18,500 வெள்ளி, ஒரு குடும்பம் தோட்டத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணம்!

நிறைய எழுத நினைத்தேன், இப்போதைக்கு அவசரமாக இவ்வளவுதான்.

தனியாள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். போடும் முன் மோசடிக் கணக்குகளைக் காட்டும் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு), சிஐடிபி (கட்டுமானக் குத்தகையாளர் பதிவு) இரண்டையும் நீங்களே தேடுங்கள், அவர்கள் காட்டும் படம் வேண்டாம்.

முன்பணம் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம். உடைத்து முடித்ததும் ஒரு பங்கு, தண்ணீர் கட்டிப் பார்த்துக் கீழ்வீட்டில் கசிவில்லை என்று தெரிந்ததும் ஒரு பங்கு, ஓடு ஒட்டித் தட்டிப் பார்த்ததும் ஒரு பங்கு. கடைசி 10 விழுக்காட்டைக் கையில் வைத்திருங்கள்.

‘லாட்’ என்று எழுதிய கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள்: பணம் இப்போதுதான் போயிருந்தால் உடனே 997 மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். மற்றவர்கள் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் படிவம் 1 போடுங்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. மெசேஜ், ரிசிட், படம் எதையும் அழிக்காதீர்கள். இதே கடையிடம் கொடுத்தவர்கள் பந்திங் பக்கம் இருந்தால் உங்கள் போலீஸ் புகாரையும் போடுங்கள், ஆளாளுக்குத் தனித்தனியாக அலைவதைவிட அது மேல்.