நகைக்கடையில் பிட்காயின்: எட்டு மாதம் வைத்துப் பார்த்தேன்

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்தில் பரதநாட்டிய நகைக்கடை வைத்திருக்கிறேன். ராக்கொடி, ஜடைநாகம், நெற்றிச்சுட்டி, கெம்புக்கல் ஒட்டியாணம். நேரில் வருகிறவர்களைவிட இணையதளத்தில் வாங்கும் வெளிநாட்டுத் தமிழர்கள்தான் இப்போது அதிகம். அவர்களில் நான்கைந்து பேர் கிரிப்டோவில், அதாவது பிட்காயின் போன்ற இணைய நாணயங்களில், பணம் தரலாமா என்று கேட்டதால் அந்த வசதியைச் சேர்த்தேன்.

முதலில், கிரிப்டோவை நமக்காகப் பெற்றுத் தரும் ஓர் இடைத்தரகு நிறுவனத்திடம் போனேன். பெயர் வேண்டாம். பதிவு செய்வது சுலபம், தளத்தில் பொத்தானும் அழகாக வந்துவிட்டது. இரண்டாவது மாதமே வம்பு. டெதர் என்பது டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயம்; அதை அனுப்பத் தனித்தனி வலைப்பின்னல்கள் உண்டு. வாடிக்கையாளர் ஒருவர் எதீரியம் என்ற வலைப்பின்னலில் அனுப்ப வேண்டியதை பிஎன்பி என்ற வேறொரு வலைப்பின்னலில் அனுப்பிவிட்டார். இரண்டிலும் முகவரி ஒரே மாதிரி இருப்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. பணம் எங்கே நிற்கிறது என்று அந்த நிறுவனம் பதில் சொல்லவே 19 நாள் ஆயிற்று. நகை கேட்டிருந்த அந்தப் பெண்ணின் அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. நம்பிக்கையின் பேரில் நகையை அனுப்பி வைத்தேன்.

அதன் பிறகு என் அண்ணன் மகன், "அத்தை, நடுவில் ஆளே வேண்டாம்" என்று சொல்லி பிடிசிபே சர்வரை நிறுவிக் கொடுத்தான். கடைக்காரரே பிட்காயினை நேரடியாக வாங்கிக்கொள்ள உதவும், 2017இல் தொடங்கிய திறந்தமூல மென்பொருள் (எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்) இது. கட்டணம் கிடையாது, சர்வர் வாடகை மட்டும்தான் செலவு. பிட்காயின் நேராக என் டிஜிட்டல் பணப்பைக்கே வந்துவிடும். பணத்தை எடுக்கும் சாவி, அதாவது ரகசியக் குறியீடு, தளத்தில் இல்லை, வீட்டில் என்னிடம் இருக்கிறது. ஆகவே தளத்துக்குள் எவராவது புகுந்தாலும் ஏற்கெனவே வந்து சேர்ந்த பணத்தைத் தொட முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மென்பொருளுக்கு முழு மதிப்பெண் தருவேன்.

பயன்படுத்துவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பணம் கட்டுவதற்காக வாடிக்கையாளருக்கு வரும் ரசீதில் காட்டும் பிட்காயின் விலை 15 நிமிடம்தான் செல்லும். சிலர் கிரிப்டோ வாங்கி விற்கும் பரிவர்த்தனைத் தளத்திலிருந்து அனுப்பும்போது கட்டணம் கழிந்து நூறு, இருநூறு ரூபாய் குறைவாக வந்து சேரும். ரசீது 'பாதி செலுத்தப்பட்டது' என்று நின்றுவிடும். எவ்வளவு குறைந்தால் ஏற்கலாம் என்று அமைப்பில் குறிக்க ஓர் இடம் உண்டு. அதில் 2 சதவீதம் போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

மார்கழியில் ஒரு மாலை சூரிச்சிலிருந்து 18,000 ரூபாய்க்கு ஆர்டர் வந்தது. ஜடைநாகத்தைப் பஞ்சில் சுற்றி வெல்வெட் பெட்டியில் வைத்துவிட்டேன், மூடவில்லை. அனுப்பிய பணம் பிட்காயின் வலைப்பின்னலில் பதிவானதைச் சொல்லும் உறுதிப்படுத்தல் பூஜ்யம் என்றே திரை காட்டிக்கொண்டிருந்தது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, பதிவாகும் என்பார்கள். அன்று நாற்பது நிமிடம் ஆயிற்று. பூஜ்யம் ஒன்றாக மாறியதும் பெட்டியை மூடினேன். வங்கியும் அட்டை நிறுவனமும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை இரவில் சுவிட்சர்லாந்துப் பணம் என் கைக்கு வந்திருந்தது. அந்த மகிழ்ச்சி உண்மையானது.

ஆடிட்டரிடம் போனபோதுதான் மறுபக்கம் தெரிந்தது. கிரிப்டோ மீது 2018இல் ரிசர்வ் வங்கி போட்ட கட்டுப்பாட்டை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே, பிறகென்ன என்றுதான் நான் இருந்தேன். அவர் கணக்குப் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "அம்மா, வெளிநாட்டுக்குப் போன பார்சல் இருக்கிறது. அதற்கு ஈடாக வங்கி வழியாக வந்த பணம் எங்கே?" என்றார். ஏற்றுமதி வருமானம் அந்நியச் செலாவணி உரிமம் பெற்ற வங்கி வழியாக வர வேண்டும். வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும். பணப்பையில் பணம் இருக்கிறது, சான்று இல்லை. ஜி.எஸ்.டி. தொகையைத் திரும்பப் பெறுவதிலும் இது சிக்கலாகும்.

வரி தனிக் கதை. 2022இல் வந்த விதிப்படி கிரிப்டோவில் கிடைக்கும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி; விற்கும்போது 1 சதவீதம் வரிப் பிடித்தம். நஷ்டத்தையோ வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. அந்த 18,000 ரூபாய்ப் பிட்காயினை நான் விற்றபோது 16,900தான் கிடைத்தது. 18,000 முழுவதையும் வியாபார வருமானமாகக் காட்டினேன். குறைந்த 1,100 என் தலையில் விழுந்தது. வெளிநாட்டு அட்டைக்குக் கட்டும் கட்டணமே இதைவிடக் குறைவு.

உள்நாட்டு விற்பனைக்கு இது வேண்டுமா? யுபிஐ இருக்கும்போது எதற்கு? மென்பொருளில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இங்கிருந்து பொருளை ஏற்றுமதி செய்யும் சிறு வியாபாரிகள், பொத்தானை வைப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். நான் பின்னால் போய்ப் பார்த்தேன்.

பங்குனியில் பொத்தானை எடுத்துவிட்டேன். சூரிச் பெண் சென்ற வாரம் மறுபடி எழுதினார், தங்கைக்கு ஒட்டியாணம் வேண்டுமாம். வங்கி வழியாக அனுப்பச் சொன்னேன். மூன்று நாளில் வந்தது, சான்றுடன்.