அரிகேஸ்: மூச்சில் உள்ளிழுக்கும் அமிக்காசின் எவருக்குப் பயன்படும்?

அசித்ரோமைசின், எத்தாம்பியூட்டால், ரிஃபாம்பிசின் ஆகிய மூன்று கிருமிக்கொல்லி மருந்துகளையும் ஆறு மாதம் தவறாமல் உட்கொண்ட பிறகும், நுரையீரலைத் தாக்கும் மைக்கோபாக்டீரியம் ஏவியம் வகைக் கிருமி சளியில் வளர்ந்துகொண்டே இருந்தால், மருத்துவர் கையில் எஞ்சும் வழிகள் மிகக் குறைவு. அத்தகையோருக்காக இன்ஸ்மெட் நிறுவனம் தயாரித்த அரிகேஸ் மருந்துக்கு அமெரிக்காவில் 2018 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது.

ஊசி வழியே செலுத்தும்போது காதையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும் பழைய கிருமிக்கொல்லி மருந்தான அமிக்காசின்தான் இதிலும் இருக்கிறது. ஆனால் அது நுண்ணிய கொழுப்புக் குமிழ்களுக்குள் அடைக்கப்பட்டு, மருந்தை நுண்திவலையாக்கும் லமிரா என்னும் நெபுலைசர் கருவி வழியாக நேரே நுரையீரலுக்குச் செல்வதால், கிருமிகள் பதுங்கியிருக்கும் தற்காப்பு அணுக்களே அந்தக் குமிழ்களை விழுங்கி மருந்தை உள்ளே கொண்டுசேர்க்கின்றன. இந்த வடிவமைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

336 பேர் பங்கேற்ற ஆய்வில், பழைய மருந்துகளோடு இதையும் சேர்த்துக்கொண்டவர்களில் 29 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்துக்குள் சளியில் கிருமி மறைந்தது. பழைய மருந்துகளை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 8.9 சதவீதமே. வேறு வழியற்றவர்களுக்கு இது பெரிய வேறுபாடு. ஆயினும் ஆறு நிமிட நடைச் சோதனையில் இரு பிரிவினருக்கும் இடையே முன்னேற்றம் வேறுபடவில்லை என்பதை, மூச்சு உடனே இலகுவாகும் என்று நம்பித் தொடங்குவோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நாள்தோறும் 590 மில்லிகிராம் மருந்தை ஏறக்குறைய கால் மணி நேரம் மூச்சில் உள்ளிழுக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து குப்பியை முக்கால் மணி நேரம் முன்பே எடுத்து வைப்பது, பிறகு நன்றாகக் குலுக்குவது, முடிந்ததும் கருவியைக் கழுவிக் கிருமி நீக்குவது என வேலை நீள்கிறது. இக்கிருமிகள் குழாய்த் தண்ணீரிலேயே வாழக்கூடியவை ஆதலால், கழுவும் வேலையில் சலிப்புக்கு இடம் கொடுக்கலாகாது.

குரல் கம்முவதும் இருமல் கூடுவதும் பலருக்கு நேர்கின்றன. மூச்சுக்குழாய் இறுக்கம், இருமும்போது இரத்தம் வருதல், ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி ஆகியவை குறித்து மருந்தின் விவரக் குறிப்பிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை இருப்பதால், முதல் வாரங்களில் மருத்துவரின் நெருங்கிய கண்காணிப்பு அவசியம். விலையும் மிக அதிகம். காப்பீடு இல்லாதவர்களுக்கு எட்டாதது.

கிருமி அமிக்காசினையே எதிர்க்கும் நிலையில் இருந்தால் இதனால் பயனில்லை. ஆகவே தொடங்குமுன் அதைக் கண்டறிய, சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையையும் செவித்திறன் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். மற்ற மாத்திரைகளை நிறுத்திவிட்டு இதை மட்டும் ஒருபோதும் எடுக்காதீர்கள். இவ்வளவும் ஒத்துவருபவர்களுக்கு அரிகேஸை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.