ஜிடிஎக்ஸ் 1060, ஆர்எக்ஸ் 580: திருச்சி வெயிலில் ஒரு மாதம்

வீடு கட்டுகிறவர்களுக்கு எலிவேஷன் படம், அதாவது வீட்டின் முகப்புப் படம், செய்துகொடுப்பது என் தொழில். இன்ஜினியர் பிளானை அனுப்புவார். நான் அதை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் எழுப்பி, சுவருக்கு வண்ணம் பூசி, காலை வெயிலைச் சாய்வாக விழவைத்துப் படமாக்கித் தருவேன். இந்த வேலையை எட்டு வருடமாக என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு தாங்கிவருகிறது. அக்கா மகன் விளையாடுவதற்குப் பழைய கார்டு ஒன்று கேட்டபோது, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபியைத் தேர்ந்தெடுத்தேன். அவனிடம் கொடுப்பதற்கு முன் ஒரு மாதம் என் கணினியில் மாட்டி ஓட்டினேன். 8 ஜிபி மெமரி எனக்கும் ஆசை காட்டியது என்பதே உண்மை.

வாங்கும்போதே ஒரு பாடம். விளம்பரம் பார்த்து முதலில் வாங்கிய கார்டின் பெட்டியில் ஆர்எக்ஸ் 580 என்றுதான் இருந்தது. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் 2048 ஷேடர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்) என்று காட்டியது. உண்மையான 580-ல் 2304 இருக்க வேண்டும். 2048 என்பது அதற்குக் கீழ்நிலைக் கார்டான 570-ன் கணக்கு. சீனச் சந்தைக்காக அந்த அளவோடு 580 என்ற பெயரிலேயே ஒரு வகை வந்தது. பணத்தைத் திரும்பப் பெறப் பத்து நாள் அலைந்தேன். 1060-லும் இதே சிக்கல் உண்டு. 3 ஜிபி வகையில் மெமரி மட்டும் குறைவில்லை, குடா கோர்களும் (ஷேடர்களுக்கு என்விடியா வைத்த பெயர்) 1280-லிருந்து 1152 ஆகக் குறைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் இரண்டாவது கார்டை சென்னை ரிச்சி தெருவில், கடைக்காரரின் கணினியிலேயே மாட்டிப் பார்த்து, 2304 என்ற எண்ணைக் கண்ணால் கண்டபிறகுதான் பணம் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

காகிதத்தில் பார்த்தால் 580-க்குத்தான் பலம் அதிகம். கணக்கிடும் திறன் சுமார் 6.2 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு லட்சம் கோடி கணக்குகள்), 1060-க்கு 4.4. மெமரிக்குத் தரவு போய்வரும் பாதை 256 பிட் அகலம், வேகம் நொடிக்கு 256 ஜிபி. 1060-ல் 192 பிட், 192 ஜிபி. 1060 வந்தது 2016 ஜூலையில், 580 வந்தது 2017 ஏப்ரலில். ஆனால் விளையாட்டில் இந்த இடைவெளி தெரிவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் அக்கா மகனும் கார்டுகளை மாற்றி மாற்றி ஓட்டினோம். 1080பி திரையில் ஜிடிஏ 5-ல் 1060 ஒரு அடி முன்னால் நின்றது. வல்கன் என்ற கிராபிக்ஸ் முறையில் ஓடும் டூம் விளையாட்டில் 580 முந்தியது. புதிய விளையாட்டுகளில் டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படம்) தரத்தைக் கூட்டினால் 6 ஜிபி நிறைந்து காட்சி விக்குகிறது, 8 ஜிபி சமாளிக்கிறது. விளையாட மட்டும் கேட்பவருக்கு 580 என்று நான் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

சூடுதான் பெரிய விஷயம். 580-க்கு 185 வாட், 1060-க்கு 120 வாட். எண்ணாகப் படித்தபோது உறைக்கவில்லை. மே மாதப் பிற்பகலில், மாடி அறையில், 580-ன் இரண்டு மின்விசிறிகளும் இரைய ஆரம்பித்தபோது உறைத்தது. கேபினட்டின் பின்னால் கை வைத்தால் இட்லிப் பானை மூடியைத் திறந்ததுபோல் வெப்பம் வந்தது. ஒருநாள் மின்சாரம் போனதும் 600 விஏ யுபிஎஸ் இரண்டு முறை கத்திவிட்டு அணைந்தது. 1060 இருந்தபோது அதே யுபிஎஸ் கோப்பைச் சேமிக்க நேரம் கொடுத்தது. முழுச் சுமையில் தினம் ஆறு மணி நேரம் என்று வைத்தால், 65 வாட் வித்தியாசம் இரண்டு மாத மின்கட்டணத்தில் 23 யூனிட்டுக்கு மேல் சேர்க்கிறது.

இரைச்சல் தாங்காமல் 580-ஐக் கழற்றினேன். நடுவிலுள்ள நான்கு ஸ்பிரிங் திருகுகளை எடுத்ததும் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் மெதுவாகப் பிரிந்தது. உள்ளே சில்லிலிருந்து அதற்கு வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, வெற்றிலைக்குத் தடவி மீந்த சுண்ணாம்புபோல் செதில் செதிலாக நின்றது. மெமரி சில்லுகளைச் சுற்றி, வெப்பம் கடத்தும் பேடுகளிலிருந்து கசிந்த எண்ணெய் மினுமினுத்தது. கிரிப்டோ மைனிங்கில் (கணினியால் மின்நாணயம் ஈட்டும் வேலையில்) பகலும் இரவும் உழைத்த கார்டாக இருக்கக்கூடும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றபோது இத்தகைய 580-கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. துடைத்து, புதுப் பேஸ்ட் தடவி, பேடுகளை மாற்றியபின் வெப்பம் 84-லிருந்து 73 டிகிரிக்கு இறங்கியது. செலவு சில நூறு ரூபாய்தான். பழைய 580 வாங்குகிறவர்கள் இதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் தொழில். தஞ்சாவூரில் கட்டவிருக்கும் ஒரு வீட்டின் முகப்பை 580-ல் ரெண்டர் செய்ய, அதாவது கணினி மாதிரியைப் படமாக்க, உட்கார்ந்தேன். ஒளியை இயல்பாகக் கணக்கிட்டுப் படமாக்கும் பிளெண்டரின் சைக்கிள்ஸ் முறை காட்டும் கார்டுகளின் பட்டியலில் இந்தக் கார்டின் பெயரே இல்லை. ஏஎம்டி கார்டுகளை சைக்கிள்ஸ் பயன்படுத்திவந்த ஓபன்சிஎல் முறை பிளெண்டர் 3.0-ல் நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த ஹிப் முறை 580-ன் போலாரிஸ் தலைமுறையை ஏற்பதில்லை. பிளெண்டரின் விரைவு ரெண்டர் முறையான ஈவீயில் காட்சி அழகாக ஓடுகிறது, ஆனால் ஜன்னல் கண்ணாடியில் வேப்பமர நிழல் நம்பும்படி விழ எனக்கு சைக்கிள்ஸ் வேண்டும். பிராசஸரை வைத்தே ரெண்டர் செய்தேன், ஒரு படத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. 1060-ஐத் திரும்ப மாட்டினேன், என்விடியாவின் குடா என்ற கணக்கிடும் முறை வழியாக அதே படம் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. தோட்டமும் தென்னையும் நிறைந்த காட்சிகளில் 6 ஜிபி போதாமல் 1060 திணறுவது வேறு கதை. திணறினாலும் வேலை செய்கிறது, அதனால் என் தொழிலுக்கு 1060தான்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவருக்கு என் தீர்ப்பு தலைகீழ். அக்கா மகனின் கணினியில் லினக்ஸ் வகையான உபுண்டு இருக்கிறது. 580-ஐச் செருகி, பொத்தானை அழுத்தினோம், திரை வந்துவிட்டது. கார்டை இயக்கும் டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. என்விடியாவில் முழு வேகம் கிடைக்கத் தனி டிரைவர் நிறுவ வேண்டும். விண்டோஸிலும் 1060-ன் தலைமுறைக்கு விளையாட்டு டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்தன, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

இன்னொன்று: இரண்டிலுமே பழைய விஜிஏ மானிட்டருக்கான அனலாக் இணைப்பு கிடையாது. அக்கா மகனுடைய மானிட்டர் அந்த வகை. எச்டிஎம்ஐ மாற்றி ஒன்று வாங்கி மாட்டிக்கொடுத்தோம். 580 இப்போது அவன் வீட்டு ஜன்னலோரம், கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவைத்த நிலையில் ஓடுகிறது. தஞ்சாவூர் முகப்பை 1060-ல் இன்று காலை முடித்து அனுப்பினேன்.