பூச்சு இல்லாத லினன்: தைத்து மேடாக்கும் ஓவியத்துக்குத் தாங்குமா?

ஓவியத்துக்கென்று விற்கும் லினன் பெரும்பாலும் வெள்ளை ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் போடும் அடிப்பூச்சு) பூசித்தான் வருகிறது. ஹங்கேரிய ஓவியர் இலோனா கெஷெரூ மாதிரி துணியைத் தைத்துப் புடைக்க வைக்க நினைப்பவர்களுக்கு அது வேண்டாம். ஊசி இறங்கிய இடமெல்லாம் பூச்சு உதிரும், மடிப்பில் வெடிக்கும். பூச்சே இல்லாத பழுப்பு லினன்தான் சரி.

1933-ல் பேச் நகரில் பிறந்த கெஷெரூ, அங்கே ஓவியர் ஃபெரென்ஸ் மார்த்தினிடம் பயின்றுவிட்டு 1952 முதல் 1958 வரை புடாபெஸ்ட் நுண்கலைக் கல்லூரியில் படித்தவர். 1967-ல் பலட்டன் ஏரிக்கரையில், பலட்டோனுத்வரி கல்லறைத் தோட்டத்தில் இதய வடிவக் கற்களைப் பார்த்தார். மேலே இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம். அந்த வளைவு பிறகு அவர் படங்களை விட்டுப் போகவேயில்லை. சாயமேற்றிய லினனில் தைத்து 1969-ல் அவர் செய்த சுவர்த்தொங்கல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி துணி. சதுர மீட்டருக்கு 300 கிராமாவது இருக்கட்டும். 200-க்குக் கீழே போனால் உள்ளே திணித்த பஞ்சின் கட்டிகள் மேலே தெரியும். முதலில் வெந்நீரில் நனைத்துக் காயவைத்து, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். இதைத் தவிர்த்தால் தைத்த பிறகு ஈர வண்ணம் பட்டதும் லினன் சுருங்கும், பாலியெஸ்டர் நூல் சுருங்காது, தையல் முழுக்கச் சுருக்கம் விழும்.

அடித்துணி மேல் வைத்துத் தைக்கும் இதய வடிவ மேல்துணியை, வரைந்த கோட்டுக்கு வெளியே 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அதை உள்ளே மடிக்கும்போது தகராறு வருவது இதயத்தின் நடுப்பள்ளத்தில்தான். அங்கே தையல் கோட்டுக்கு 2 மி.மீ. முன்புவரை கத்தரிக்காவிட்டால் துணி இழுத்துக்கொண்டு மடியும். அடித்துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்த பின்பே, பின்புறம் சிறு கீறல் போட்டுப் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திணிக்க வேண்டும். முன்கூட்டியே திணித்தால் துணி கோணிவிடும், பிறகு எந்தச் சட்டத்திலும் நேராக நிற்காது.

நிறத்தில்தான் இந்தத் துணி ஏமாற்றுகிறது. வெளிர் நிற அக்ரிலிக்கை நேரடியாகப் பூசினால் லினனின் பழுப்பு நீரோடு ஊறி மேலே வந்துவிடும். நிறமற்ற அக்ரிலிக் பூச்சு இரண்டு முறை கொடுத்துக் காயவிட்டால் பெருமளவு அடங்கும். எண்ணெய் வண்ணத்துக்குப் பசைப்பூச்சு கட்டாயம், இல்லையென்றால் ஆளிவிதை எண்ணெய் இழைகளுக்குள் இறங்கி நாளடைவில் அவற்றை நொறுங்க வைக்கும். முயல்தோல் பசை என்றால் 1 பங்குக்கு 12 பங்கு தண்ணீர், இரவு ஊறவைத்து மெல்ல சூடேற்றினால் போதும். கொதித்தால் ஒட்டும் வலு போய்விடும். சாயமேற்றுவது இதற்கெல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும், பசை பூசிய துணியில் சாயம் ஏறாது. கெஷெரூ 1970-களில் செய்ததுபோலத் தோல் நிறத்தை வானவில் நிறங்களோடு வைப்பதென்றால், வெளுத்த லினனாகவே வாங்குங்கள். பழுப்பில் இளஞ்சிவப்பு அழுக்காகத்தான் தெரியும்.

1983 முதல் பேச் நகரில் ஓவியம் கற்பித்த கெஷெரூவைப் பின்பற்றி வகுப்பில் இதைச் சொல்லித்தர நினைக்கும் ஆசிரியர்களுக்கு: முதல் பயிற்சிக்கு லினன் வீண்செலவு. கனமான பருத்தி கேன்வாஸ் போதும், நடுப்பள்ளத்தை வெட்டும் கை பழகிய பிறகு லினனுக்குப் போகலாம்.

முடிந்த வேலையைச் சுருட்டக் கூடாது, பஞ்சு ஒருபக்கம் ஒதுங்கிவிடும். மாட்டும்போது விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். நேரெதிர் வெளிச்சத்தில் மேடே தெரியாது.