எஸ்3யும் எங்கள் பிரைவேட் நெட்வொர்க்கும்: நாலு வருடத்தில் எங்கெங்கே மாட்டினேன்

வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் படுத்தாலும் என்னைத்தான். 2021ல் பழைய சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ படங்களை அமேசானின் ஆன்லைன் சேமிப்புக் கிடங்கான எஸ்3ல், மும்பை ரீஜனில் ஏற்ற ஆரம்பித்தோம். காரணம், எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள். இந்தப் பக்கம் லாட்ஜ் போர்டுகூட வங்காள மொழியில் இருக்கும். ஊருக்குப் போய் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வரும்போது கையில் படம் போட்டுக் கொடுத்த டிஸ்க் இருக்காது, "உங்ககிட்டதானே எடுத்தோம்" என்பார்கள். எடுத்துக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

டாக்டர் போட்ட ஒரே நிபந்தனை: நோயாளியின் படம் எதுவும் வெளி இன்டர்நெட்டில் திறந்து கிடக்கக் கூடாது. அதனால் எஸ்3ல் படங்கள் கிடக்கும் பக்கெட்டுக்குப் பொது அணுகல் மொத்தமாக அடைப்பு, அமேசானில் இருக்கும் சர்வர் பிரைவேட் சப்நெட்டில், அதாவது இன்டர்நெட்டிலிருந்து நேராக நுழைய முடியாத நெட்வொர்க் பகுதியில்.

எஸ்3 இதுவரை ஒரு படத்தைக்கூடத் தொலைத்ததில்லை. வந்த தொல்லை எல்லாம் அதற்குப் போகிற வழியில்தான். அந்த வழியிலும் முக்கால்வாசி நானே போட்டது.

முதல் வருடம் பில்லில் மாட்டினேன். பிரைவேட் சப்நெட்டிலிருந்து எஸ்3க்குப் போக, உள்ளிருந்து வெளியே போக மட்டும் வழிவிடும் நாட் கேட்வே போதும் என்று விட்டிருந்தேன். போதும்தான், ஆனால் அது மணிக்கு ஒரு கட்டணம், ஜிபிக்கு ஒரு கட்டணம் வாங்கும். ஒரே ரீஜனுக்குள் எஸ்3க்கு டேட்டா போவது இலவசம், நடுவில் நாட் இருந்தால் அதன் கூலி தனி. ஒரு சிடி ஸ்கேன் சில நூறு எம்பி வரும். எத்தனை ஸ்கேன் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நாட் கேட்வே இல்லாமலே எஸ்3க்குப் போக கேட்வே எண்ட்பாயிண்ட் என்று ஒரு வழி 2015லிருந்தே இருக்கிறது, காசும் கிடையாது. அது பெட்டியோ சர்வரோ இல்லை, எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட் டேபிளில் ஒரு வரி. எஸ்3யின் ஐபி முகவரிகளுக்கெல்லாம் சேர்த்து 'பிஎல்' என்று தொடங்கும் ஒரு பட்டியல் உண்டு. அந்த முகவரிக்குப் போவதெல்லாம் இந்த வழியில் போகட்டும் என்பதுதான் அந்த வரி. போட்டேன். பில் குறைந்தது, ஆனால் பாதிதான் குறைந்தது. மீதி ஏதோ அப்டேட் டவுன்லோட் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு நாலு மாதம் ஓட்டினேன். ஒருநாள் உட்கார்ந்து நாட் கேட்வேயின் கிராஃபைப் பார்த்தால், ராத்திரி நாங்கள் படம் ஏற்றுகிற நேரத்தில் மலை மாதிரி ஏறி நிற்கிறது. எங்களுக்கு இரண்டு சப்நெட், இரண்டு ரூட் டேபிள். எண்ட்பாயிண்ட் போடும்போது நான் டிக் அடித்தது ஒன்றில் மட்டும்!

எல்லாம் வேலை செய்துகொண்டே இருந்ததால் தப்பு கண்ணில் படவில்லை. இரண்டாவது டேபிளில் டிக் போட்டதாவது ராத்திரியில் செய்திருக்கலாம். பட்டப்பகலில் செய்தேன். வழி மாறும்போது ஓடிக்கொண்டிருந்த கனெக்‌ஷன்கள் அறுந்துவிடும். பாதி ஏறியிருந்த படங்கள் மறுபடி முதலிலிருந்து.

புதிதாக இதைத் தொடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். எண்ட்பாயிண்ட் போட்ட பிறகும் எஸ்3யின் பெயரை, பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ்ஸில் கேட்டால் பொது ஐபிதான் வரும். 'பிரைவேட் ஆகவில்லை போல' என்று நான் அதைக் கலைத்துக் கலைத்துப் போட்டது மூன்று தடவை. அது அப்படித்தான் வரும். பெயரும் முகவரியும் மாறாது, போகிற வழிதான் மாறும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க எனக்கு இப்போது ஒரே சோதனை. சர்வரில் உட்கார்ந்து, கீ எதுவும் கொடுக்காமல், வெறும் கர்ல் கட்டளையில் பக்கெட் முகவரியைத் தட்டுவேன். 403, அதாவது 'அனுமதி இல்லை' என்று உடனே திட்டினால் சந்தோஷம். நான் அனுப்பிய பாக்கெட் (டேட்டாத் துண்டு) எஸ்3 வரைக்கும் போய்த் திட்டு வாங்கித் திரும்பியிருக்கிறது, அப்படியானால் வழி சரி. இனிமேல் பார்க்க வேண்டியது பாலிசி, கீ, அனுமதி. பதிலே வராமல் கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டு நின்றால் பாலிசியைத் தொடவே கூடாது. ரூட் டேபிள், சர்வரின் காவலான செக்யூரிட்டி குரூப்பில் 443 (எச்டிடிபிஎஸ் போர்ட்) வெளியே போகிறதா, சப்நெட்டின் காவலான நெட்வொர்க் ஏசிஎல்லில் பதில் திரும்பி வர 1024க்கு மேல் போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா, இந்த வரிசையில் பார்ப்பேன். செக்யூரிட்டி குரூப்பில் அந்தப் 'பிஎல்' பட்டியலையே போடலாம். ஏசிஎல்லில் அது முடியாது, ஐபி எண்களாகத்தான் போட வேண்டும்.

இந்த ஒன்றை முதல் வருடமே தெரிந்துகொண்டிருந்தால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது, என்னை நானே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்ட கதை. எங்கள் எண்ட்பாயிண்ட் வழியாக வராத எவரையும் விடாதே என்று, யாரை விடலாம் என்று சொல்லும் பக்கெட் பாலிசியில் ஒரு தடை எழுதினேன். எழுதிச் சேமித்த அடுத்த நொடி அமேசானின் நிர்வாகப் பக்கமான கன்சோலில் பக்கெட் திறக்கவில்லை. திறக்காதுதான். கன்சோலில் நான் உட்கார்ந்திருப்பது சத்துவாச்சாரி வீட்டில், எண்ட்பாயிண்ட்டுக்குள் இல்லை. அட்மின் கணக்கு இருக்கிறதே என்றால், வெளிப்படையான தடைக்கு முன்னால் அட்மினும் ஒன்றுதான், நேற்று சேர்ந்த பையனும் ஒன்றுதான். இந்த நிலையில் பாலிசியை அழிக்க முடிவது அந்தக் கணக்கின் மூல உரிமையாளரான ரூட் யூசருக்கு மட்டும். ரூட் யூசரின் ஓடிபி டாக்டர் போனில். டாக்டர் ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில்.

"சார், ஒரு ஆறு நம்பர் வரும், சொல்றீங்களா?"

"இருப்பா, பிரியாணி கையோட இருக்கேன்."

அந்த ஓடிபி முப்பது நொடியில் மாறிவிடும். கை கழுவி வந்து கண்ணாடி போட்டு அவர் படித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை மாறியது. அன்றிலிருந்து இரண்டு பழக்கம். தடை எழுதும்போதே அட்மின் ரோலுக்கு விதிவிலக்கையும் சேர்த்து எழுதுவேன். முதலில் ஒரு காலி பக்கெட்டில் போட்டுப் பார்ப்பேன்.

2022ல் ராணிப்பேட்டை கிளை சேர்ந்தது. விபிஎன் போட்டு விபிசியோடு (அமேசானுக்குள் இருக்கும் எங்கள் பிரைவேட் நெட்வொர்க்) இணைத்தாயிற்று, இனி கிளையிலிருந்து அதே எண்ட்பாயிண்ட் வழியாக எஸ்3க்குப் போகலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் தலையை உடைத்தேன். கேட்வே எண்ட்பாயிண்ட் அந்த விபிசிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். விபிஎன் வழியாக வருகிறவர்கள், பக்கத்து விபிசியிலிருந்து பியரிங் என்ற நேர் இணைப்பில் வருகிறவர்கள், யாருக்கும் அது கதவு திறக்காது. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, படிக்காதது என் தப்பு.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட். இது எஸ்3க்கு வந்தது 2021ல். சப்நெட்டில் நிஜமாகவே ஒரு பிரைவேட் ஐபி எடுத்து உட்காரும், மணிக்கணக்கில் காசும் வாங்கும். அதற்கென்று ஒரு நீளமான பெயர் உண்டு, மென்பொருளில் எண்ட்பாயிண்ட் முகவரி என்ற இடத்தில் அதைக் கொடுக்க வேண்டும். எங்கள் பழைய படம் அனுப்பும் மென்பொருளில் அப்படி ஓர் இடமே கிடையாது. 2023ல் பிரைவேட் டிஎன்எஸ் வசதி வந்த பிறகுதான் சாதாரணப் பெயரையே வைத்துக்கொண்டு பிரைவேட் ஐபிக்குத் திருப்ப முடிந்தது. அதுவரை கம்ப்யூட்டரில் பெயருக்கு ஐபி எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் கையால் எழுதி ஒப்பேற்றினேன். அசிங்கம்தான், ஆனால் ஓடியது.

நாலு வருடத்தில் என்னை அதிகம் அலைக்கழித்ததும் ராணிப்பேட்டைதான். ஒருநாள் காலையில் அங்கிருக்கும் டெக்னீஷியன் தம்பி போன்.

"அண்ணா, எக்ஸ்ரேலாம் போவுது. சிடி மட்டும் நிக்குது. எர்ரரும் வரல, ஒண்ணும் வரல."

என் 403 சோதனை அங்கே தேறுகிறது. வழி சரி, அனுமதி சரி, சின்ன ஃபைல் போகிறது. பைக்கை எடுத்துக்கொண்டு பாலாறு தாண்டிப் போனேன். மே மாத வெயில், ஹெல்மெட்டுக்குள் மூளை வெந்தது. அங்கே உட்கார்ந்து, பாக்கெட்டை உடைக்காதே என்ற கட்டளையோடு பிங் போட்டுப் பார்த்தேன். 1472 பைட் போகவில்லை. 1450 இல்லை. 1400 இல்லை. 1372 போனது. அதோடு தலைப்பு 28 பைட் சேர்த்தால் 1400. அதாவது 1500 பைட் பாக்கெட் போக வேண்டிய பாதையில் விபிஎன் உறை ஒரு பக்கம், இன்டர்நெட் லைனின் உறை ஒரு பக்கம் இடத்தைத் தின்றுவிட்டன. பெரிய பாக்கெட் நடுவில் செத்துவிடுகிறது. 'பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு' என்று திரும்பி வர வேண்டிய ஐசிஎம்பி செய்தியையும் யாரோ வழியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அனுப்புகிறவனுக்கு எதுவும் தெரியாமல் அவன் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். முந்தின வாரம் லைன் கொடுத்தவர்கள் மோடத்தை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். கேட்டால் "எங்க சைடுல எல்லாம் ஓகே சார்."

ரூட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவை, 1350 என்று கட்டிவைத்தேன். ஒரே வரி. தேங்கிக் கிடந்த சிடி எல்லாம் அடுத்த அரை மணி நேரத்தில் ஏறியது. அதன் வால் ஒன்று பில்லில் வந்தது. பெரிய ஃபைல்கள் மல்டிபார்ட்டாகத் துண்டு துண்டாக ஏறும். நடுவில் நின்றுபோனாலும் அதுவரை ஏறிய துண்டுகள் அங்கேயே கிடக்கும், பக்கெட்டில் ஃபைலாகக் கண்ணுக்குத் தெரியாது, காசு மட்டும் ஏறும். முடியாத மல்டிபார்ட்டை ஏழு நாளில் அழி என்று லைஃப்சைக்கிள் விதி போட்ட பிறகுதான் அது நின்றது. பக்கெட் திறந்த அன்றே போட்டிருக்க வேண்டிய விதி.

கடிகாரக் கதையும் அதே கிளைதான். ராத்திரி கரண்ட் போய் வந்த மறுநாள் எல்லா அப்லோடும் 403. முந்தின நாள்தான் நான் பாலிசியில் கை வைத்திருந்தேன், அதனால் அரை நாள் பாலிசியையே படித்தேன். லாகை முழுசாகத் திறந்து பார்த்த பிறகுதான் நேரம் பற்றி ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. எஸ்3க்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையின் கையெழுத்திலும் நேரம் இருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் தள்ளி இருந்தால் தள்ளுபடி. அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பின்னால் போயிருந்தது. வாட்ச் கடையில் கிடைக்கிற பொத்தான் பேட்டரி!

எண்ட்பாயிண்ட் பாலிசியை எங்கள் பக்கெட்டுக்கு மட்டும் என்று இறுக்கியபோது சர்வரில் ஓடும் அமேசான் லினக்ஸின் மென்பொருள் அப்டேட் (யம்) நின்றுபோனதும் உண்டு. அதன் பேக்கேஜ்களும் எஸ்3ல்தான் இருக்கின்றன. அந்தப் பக்கெட்டையும் பாலிசியில் சேர்த்தேன், தீர்ந்தது.

இப்போது 403 வரும்போது எந்தப் பாலிசி தடுத்தது என்று சில நேரம் சேர்த்தே சொல்கிறது. நான் மாட்டிக்கொண்ட நாட்களில் 'அக்சஸ் டினைட்' என்ற இரண்டு வார்த்தைதான். விலையைப் பற்றிக் கேட்டால், கேட்வே எண்ட்பாயிண்ட்டுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட் எங்களைப் போன்ற சின்ன இடத்துக்குக் கொஞ்சம் கனம். விபிசிக்குள் இருக்கும் சர்வர் கேட்வே வழியாக, கிளை மட்டும் இன்டர்ஃபேஸ் வழியாக என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

குடியாத்தம் கிளை அடுத்த மாதம் சேர்கிறது. ரூட்டரை நானே செட் செய்து, எம்எஸ்எஸ் வரியும் எழுதித்தான் அனுப்பினேன். கூடவே அட்டைப்பெட்டியில் இரண்டு பொத்தான் பேட்டரியும் போட்டேன். அங்கிருக்கும் பையன் போன் செய்து, "அண்ணா, ரூட்டர்ல பேட்டரி எங்க போடணும்?" என்று கேட்டான்.