அக்ளிமேஷன் பாக்ஸ்: மீனை சாப்பிட வச்சது இதுதான், ஆனா அந்த அடிப்பக்கம் இன்னும் கடுப்பேத்துது

தெரிஞ்ச தம்பி ஒருத்தன் புதுசா காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளைங்கற கடல் மீன் வாங்கிருக்கான், வந்ததுல இருந்து எதையும் தொடல, புது மீன டாங்க்குள்ளயே தனியா வச்சு பழக்கற அந்த அக்ரிலிக் பாக்ஸ் இப்போ விலை குறைஞ்சிருக்காம், வாங்கலாமாண்ணா, நீங்க ரொம்ப நாளா வச்சிருக்கீங்கல்லன்னு கேட்டான். ஒரு வார்த்தைல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது, அதான் விவரமா எழுதிடறேன். டாங்க் கண்ணாடியோட உள்பக்கம் ஒட்டுற காந்தம், சுத்தி ஓட்டை, மேல மூடின்னு பெட்டியோட அமைப்பு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்குள்ள போகல.

முதல்ல நல்லத சொல்லிடறேன், ஏன்னா அது உண்மை. புது கடல் மீன் சாப்பிடாததுக்கு பெரும்பாலும் காரணம் பசி இல்லாதது கிடையாது, பயம். கடல்ல பிடிச்சு, கை மாறி கை மாறி, ஒவ்வொரு தடவை பேக் பண்றதுக்கு முன்னாடியும் கவர் தண்ணி கெடக்கூடாதுன்னு பட்டினி போட்டு அனுப்பறாங்க, கடைசியா நம்ம டாங்க்ல விட்டா அங்க ஏற்கனவே இடம் பிடிச்சு வச்சிருக்கற டாங்னு ஒரு மீன் வாலடில இருக்கற கத்தி முள்ளை விரிச்சுட்டு துரத்த ஆரம்பிச்சிடும். அந்த மீன் பாறைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சா நாம போடற சாப்பாடு அது கண்ணுக்கே போகாது, பாதி வழியிலயே க்ளௌன், டாம்செல் மாதிரி மத்த மீனுங்க காலி பண்ணிடும். பாக்ஸ்ல வச்சா இந்த துரத்தல் ஒரே நிமிஷத்துல நிக்குது, மீன் எங்க இருக்குன்னு தேட வேண்டாம், வயிறு ஒட்டிருக்கா, தலைக்குப் பின்னாடி முதுகு குழி விழுந்திருக்கான்னு பக்கத்துல நின்னு பாக்கலாம், சாப்பாட்ட நேரா அது மூக்குக்கு முன்னாடி விடலாம்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒண்ணு இதுல கிடைச்சுது. மத்த மீனுங்களுக்கு சாப்பாடு போடறப்ப பாக்ஸ்ல இருக்கறது அத பாக்குது. வெளில க்ளௌன் பாஞ்சு பாஞ்சு மைசிஸ, அதாவது மீனுக்குப் போடற குட்டி இறால் மாதிரி உயிரிய, பிடிக்கறப்ப உள்ள இருக்கற காப்பர்பேண்ட் முதல்ல முதுகு முள்ள விரைச்சுட்டு நிக்கும், அப்புறம் அந்த முள்ளு மெல்ல படியும், கண்ணு மட்டும் தனியா உருண்டு ஒரு துண்டையே பின்தொடரும், உடம்ப தலைகீழா சாய்ச்சு அந்த நீள மூக்க கண்ணாடி மேல வச்சு அந்தப் பக்கம் இருக்கற துண்ட ரெண்டு தடவை கொத்தும். இத பாத்தீங்கன்னா தெரிஞ்சுக்கலாம், இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள போடறதையும் தொடும். தொட்டதும் துப்பும், மறுபடி இழுக்கும், மறுபடி துப்பும். துப்பறத பாத்து மனசு விட்டுடாதீங்க, வாய்க்குள்ள போச்சுல்ல, அதுதான் பெரிய விஷயம், எதையுமே திரும்பிப் பாக்காத மீனுக்கும் துப்பற மீனுக்கும் ரொம்ப தூரம்.

இப்போ என் கோபத்துக்கு வர்றேன். இந்த பாக்ஸோட அடிப்பக்கத்துல ஒரு ஓட்டை கூட கிடையாது. நாலு பக்கமும் அழகா ஓட்டை போட்டவங்க அடிய மட்டும் மொழுக்குன்னு மூடி வச்சிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, இந்த பெட்டியே எதுக்கு, சாப்பிடாத மீனுக்கு. சாப்பிடாத மீன் பெட்டில போடற சாப்பாடு எங்க போகும், அடில தான் போகும். அங்க தண்ணி ஓட்டம் கிடையாது, டாங்க்ல மண்ணுக்குள்ள இருந்து வந்து தின்னுட்டுப் போற நசாரியஸ் நத்தையோ பிரிஸில் புழுவோ உள்ள வர முடியாது, வெள்ளையா ஊறிப்போன மைசிஸ் ஒரு மூலைல சேந்து ராத்திரிக்குள்ள வழவழன்னு ஒரு படலம் கட்டிடும். இத ஏர் ட்யூப் விட்டு உறிஞ்சி எடுக்கணும், சரி எடுப்போம், ஆனா ட்யூப் உள்ள வந்த உடனே அவ்ளோ நேரம் பழகி முன்னாடி வந்து நின்ன மீன் மறுபடி பின் மூலைக்குப் போய் ஒட்டிக்குது, முள்ளு விரைச்சுக்குது, நிறம் மங்குது. சுத்தம் பண்ணாட்டி அழுகுது, பண்ணா மீன் பயப்படுது. சாப்பிடாத மீனுக்குன்னு விக்கற பொருள, போட்டதெல்லாம் சாப்பிட்டுடற மீன நெனச்சு வடிவமைச்சிருக்காங்க. இத்தனை நாள் வச்சிருந்தும் இந்த ஒரு விஷயம் எனக்கு ஆறவே இல்ல. கம்பெனிக்கு எழுதினேன், உங்கள் கருத்துக்கு நன்றின்னு ஒரு பதில் வந்துச்சு, அதோட சரி.

நியாயமா சொன்னா அடிய மூடினதுக்கும் ஒரு காரணம் இருக்கும், சின்ன ராஸ், கோபி மாதிரி மீன் இடுக்குல மாட்டிக்கும், சாப்பாடு கீழ வழிஞ்சு போய்டும். புரியுது. ஆனா மூணு மில்லிமீட்டர் ஓட்டைல எந்த மீனும் போகாது, வேணும்னா கழட்டி எடுக்கற மாதிரி ஒரு தட்டு குடுத்திருக்கலாம், அதுக்கு என்ன பெரிய செலவு?

நான் என்ன பண்றேன்னு சொல்றேன், இதுதான் அந்த தம்பிக்கு முக்கியம். ட்யூப் லைட்டுக்கு கீழ மாட்டற வெள்ளை கட்டம் கட்டமான ப்ளாஸ்டிக் ஷீட் இருக்குல்ல, எக் க்ரேட்னு சொல்வாங்க, அத அளவா வெட்டி பாக்ஸ் அடில போட்டேன். மீந்த சாப்பாடு கட்டத்துக்குள்ள இறங்கிடட்டும், மீன் அதுமேல படாம இருக்கட்டும்னு தான் போட்டேன். ஆனா காப்பர்பேண்ட் அந்த கட்டத்துக்குள்ள மூக்க விட்டு ஒவ்வொண்ணா உருவி எடுக்க ஆரம்பிச்சுது! அதோட மூக்கே பாறை இடுக்குல இருக்கற புழுவ எடுக்கறதுக்குன்னு அமைஞ்சது தானே, தண்ணில மிதந்து வர்ற துண்ட துரத்தறத விட இடுக்குல ஒளிஞ்சிருக்கறது தான் அதுக்கு சாப்பாடா தெரியுது. அதுல இருந்து ஓட்டை நிறைய இருக்கற ஒரு சின்ன லைவ் ராக் (நுண்ணுயிர் வளந்த கடல் பாறை) துண்டையும் பாக்ஸ்ல வச்சு மைசிஸ ஓட்டைக்குள்ள பிப்பெட்டால அழுத்தி விடறேன், மிதக்க விட்டத விட இது எவ்வளவோ மேல்.

மைசிஸுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு. முதல் சாப்பாடு உயிரோட இருக்கறதா, இல்ல உயிரோட இருந்த வாசனை மாறாததா இருக்கணும். மட்டிய ரெண்டா பிளந்து ஓட்டோட வைங்க, காப்பர்பேண்ட் பெரும்பாலும் அதத்தான் முதல்ல கொத்தும், ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க, மட்டி அழுகற மாதிரி எதுவும் அழுகாது. உயிரோட இருக்கற ஆர்டீமியா (உப்புத் தண்ணில வாழற குட்டி இறால் மாதிரி உயிரி) நெளியறதப் பாத்தா எந்த மீனுக்கும் ஆசை வரும், ஆனா சத்து கம்மி, அதுலயே ஓட்ட முடியாது, ஆரம்பிச்சு வைக்கறதுக்கு மட்டும் தான், கூடவே உறைஞ்ச மைசிஸ கலந்து கலந்து மாத்தணும். ப்ளாக்வார்ம் கிடைச்சா போடலாம், ஆனா அது நன்னீர் புழு, உப்புத் தண்ணில கொஞ்ச நேரத்துல செத்துடும், அதனால ஒண்ணு ரெண்டா தான் போடணும். உறைஞ்ச கட்டிய டாங்க் தண்ணில கரைச்சு வலைல வடிகட்டி போடுங்க, அந்தச் சாறு உள்ள போக வேண்டாம். பூண்டுச் சாறுல ஊற வைக்கச் சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, நானும் ஊத்திப் பாத்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. சாப்பாடு போடறப்ப தண்ணிய ஓட வைக்கற வேவ்மேக்கர நிறுத்துங்க, லைட்ட கொறைங்க, போட்டுட்டு டாங்க் முன்னாடி நிக்காதீங்க, தூரமா போய் உக்காந்து பாருங்க.

மாண்டரின் மீனுக்கு இந்த பாக்ஸ் சரிப்படாதுன்னு தான் சொல்வேன். அது நாள் பூரா கோப்பிபாடுங்கற பொடிப்பொடி உயிரிய பொறுக்கித் தின்னுட்டே இருக்கற மீன், அதுக்கு வேண்டியது அந்த உயிரி நிறைய வளந்த பழைய பாறை. ஆர்டீமியா குஞ்சு விட்டாலும் பக்கத்து ஓட்டை வழியா அத்தனையும் நிமிஷத்துல வெளில ஓடிடுது, நான் வலைத்துணி சுத்திப் பாத்தேன், சுத்தினா தண்ணி ஓட்டம் போச்சு.

இன்னொண்ணு, இத நோய் பரவாம மீன தனியா வைக்கற குவாரண்டைன்னு நெனச்சுடாதீங்க. தண்ணி ஒண்ணு தான், மீன் தான் தனி. வெள்ளைப் புள்ளி நோய் தர்ற இச் ஒட்டுண்ணியோட நீந்தற பருவத்துக்கு இந்த ஓட்டையெல்லாம் பெரிய வாசல். மூச்சு படபடன்னு இருந்தா, இல்ல வெள்ளையா நூல் மாதிரி கழிவு தொங்கினா அங்க பிரச்சனை பயம் மட்டும் இல்ல, நோயா இருக்கலாம், அந்த மீன தனி டாங்க்ல வச்சுத்தான் பாக்கணும். அங்கயும் எடுத்ததும் ஒட்டுண்ணிக்குப் போடற காப்பர் மருந்து ஊத்தினா இருக்கற பசியும் போய்டும், மீன் நிதானமா இருந்தா முதல்ல சாப்பிட வைங்க, வெல்வெட் மாதிரி வேகமா கொல்ற ஒட்டுண்ணி நோய்னா மட்டும் காத்திருக்காதீங்க.

காந்தத்த பத்தி ரெண்டு வரி. மேல இருக்கற ப்ளாஸ்டிக் உறைல விரிசல் விட்டா உப்புத் தண்ணி உள்ள போய் நியோடிமியம் காந்தம் துருப்பிடிச்சு வீங்கிடும், பவளம் இருக்கற டாங்க்ல அது நல்லதில்ல. கழுவறப்ப எல்லாம் உறைய விரலால தடவிப் பாருங்க, பழுப்பா ஒரு கோடு தெரிஞ்சா மாத்திடுங்க.

என் டாங்க்ல இப்போ சுத்திட்டு இருக்கற காப்பர்பேண்ட் இந்த பெட்டியால தான் உயிரோட இருக்கு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பாக்ஸ்ல ஒழுங்கா சாப்பிட்டு வயிறு ரொம்பினதுக்கு அப்புறம் லைட் அணைச்சுட்டு திறந்து விட்டேன், அதே மூலைல அதே நேரத்துக்கு சாப்பாடு போட்டேன், மறுநாளே தானா வந்து நின்னுச்சு. அவ்ளோ நல்லது பண்ணிருக்கு. ஆனாலும் இந்த மாடல வாங்காதீங்க. இன்னைக்குக் காலைல கூட அந்த மூலைல படிஞ்சத சொரண்டிட்டுத்தான் இத எழுதறேன், விலை எவ்வளவு குறைஞ்சாலும் இப்போ என் வாயில இருந்து வாங்குன்னு வராது. அடில ஓட்டையோட ஒரு மாடல் வந்தா யோசிக்காம வாங்குங்க. அது வர்ற வரைக்கும் தம்பி நீ என்னோடத எடுத்துட்டுப் போ, எக் க்ரேட்டோட தர்றேன், மட்டி மட்டும் நீ வாங்கிக்கோ.